நெடுஞ்சவாரி முடித்துக் குதிரையோடு வீடு திரும்ப… அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, இந்தக் கோடையில் சீஃப் ஜோசஃப் நெடுஞ்சவாரிக்கு நீ பெயர் கொடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்துவிட்டது. சேணம் எப்படிக் கட்டுவது, மலையேற்றத்தில் குதிரையை எப்படி நடத்துவது என்றெல்லாம் உனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. திரும்பி வருவதைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. சவாரியில் பத்திரமாக இருந்த குதிரை, வீட்டுக்கு வரும் வழியிலோ வந்த மூன்றாம் நாளோ படுத்துவிடுவது உண்டு. அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பலூசா குதிரைச் சங்கம் 1965-ல் தொடங்கிய சவாரி இது. 1877-ல் சீஃப் ஜோசஃபும் அவருடைய நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களும் அமெரிக்க ராணுவத்திடமிருந்து தப்பி ஒரிகானின் வல்லோவா பள்ளத்தாக்கிலிருந்து மொன்டானாவின் பேர் பா மலையடிவாரம் வரை போன பாதை ஏறக்குறைய 1,300 மைல். அதில் ஆண்டுக்கு சுமார் 100 மைல் வீதம் நடத்தி, 13 ஆண்டுகளில் முழுப் பாதையையும் முடிக்கிறார்கள். அதனால் சவாரி முடியும் இடம் ஆண்டுதோறும் மாறும். போன முறை போன தோழி சொன்ன வீட்டு வழி இந்த முறை உனக்கு உதவாது. உன் வழியை நீயேதான் திட்டமிட வேண்டும்.

1. கடைசி நாள் இரவு முகாமிலேயே தங்கு

சவாரி முடிந்த சாயங்காலமே டிரெய்லரில் ஏற்றிக் கிளம்பத் தோன்றும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஓடும் டிரெய்லரில் நிற்பது குதிரைக்கு ஓய்வு இல்லை. ஒவ்வொரு வளைவிலும், பிரேக்கிலும் நான்கு காலையும் ஊன்றிச் சமநிலை தேடிக்கொண்டே இருக்கும். மெதுவாக நடப்பதற்குச் சமமான உழைப்பு அது. ஐந்தாறு நாள் மலையில் நடந்த உடம்போடு அதையும் சேர்த்தால் தாங்காது. ஒரு இரவு முழுக்கத் தண்ணீர் குடித்து, புல் தின்று, படுத்து எழுந்த பிறகு ஏற்று. விடுப்பு எழுதும்போதே அந்த ஒரு நாளையும் சேர்த்து எழுதிவிடு.

2. காகிதங்கள் திரும்பும் நாள்வரை செல்லுமா?

போகும்போது பார்ப்பாய், வரும்போதுதான் மறந்துவிடும். மாநில எல்லை தாண்டக் கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்று பொதுவாக 30 நாள்தான் செல்லும். சவாரிக்கு முன்னும் பின்னும் ஊர் சுற்றுவதாக இருந்தால் தேதியை எண்ணிப் பார். தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் சோதனைச் சீட்டு பெரும்பாலும் ஓராண்டு செல்லும்; சில இடங்களில் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்பார்கள். மொன்டானா, ஐடஹோ, வயோமிங் போன்ற மேற்கு மாநிலங்களில் குதிரை உன்னுடையதுதான் என்று காட்டும் முத்திரைச் சோதனைச் சீட்டும் உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் கால்நடைத் துறையிடமும் முன்னதாகவே கேட்டுவிடு. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வண்டியின் முன்பெட்டியில் வை. சேணப் பெட்டிக்கு அடியில் இருக்கும் சீட்டு இல்லாத சீட்டுக்குச் சமம்.

3. ஏற்றுவதற்கு முன் உடம்பைப் பார்

காலையில் காபி குடிப்பதற்கு முன் இதைச் செய். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விலாவின் இரு பக்கமும் காதை வைத்துக் கேள். குடல் இரைச்சல் கேட்க வேண்டும். சிறுநீர் காபி நிறத்தில் போனால், பின்தொடைத் தசை கல்லாக இறுகியிருந்தால், அது கடும் உழைப்பில் தசை சிதைவதன் அறிகுறி. அந்தக் குதிரையை நடத்தவும் கூடாது, ஏற்றவும் கூடாது. மருத்துவரைக் கூப்பிடு.

அடுத்து, கையால் தடவிப் பார். சேணம் உட்கார்ந்த முதுகு, வார் இறுகிய நெஞ்சடி, நான்கு கால்களின் தசைநார். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால் குறித்துக்கொள். லாடத்தின் ஆணி தளர்ந்திருந்தால் முகாமிலேயே லாடக்காரரைப் பிடி. பாதி கழன்ற லாடத்தோடு டிரெய்லரில் ஏறும் குதிரை அதையே மிதித்துக் காயப்படும்.

இன்னொன்றும் முக்கியம். கால் வலிக்குமே என்று நீயாக வலி மருந்து கொடுக்காதே. உடம்பில் நீர் குறைந்திருக்கும் குதிரைக்கு ப்யூட் போன்ற மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மயக்க மருந்தும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். நிற்கும் பிடிமானம் போய்விடும்.

4. டிரெய்லரும் காட்டுச் சாலையில் அடிபட்டிருக்கும்

குதிரை மலையில் நடந்தபோது உன் வண்டியும் டிரெய்லரும் சரளைக்கல் பாதையில் இழுபட்டு வந்திருக்கும். எல்லாச் சக்கரத்தின் நட்டையும் இறுக்கிப் பார். டயரின் பக்கச்சுவரில் கல் கிழித்த வெட்டு இருக்கிறதா என்று குனிந்து பார். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் அள. விளக்குகள், டிரெய்லர் பிரேக், இணைப்புக் குமிழ், குறுக்காக மாட்டிய சங்கிலிகள், டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் கம்பி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துச் சரிசெய். ரப்பர் பாயைத் தூக்கித் தரைப்பலகையைப் பார்ப்பது கட்டாயம். மூத்திரம் ஊறி உளுத்த பலகை வழியாகக் குதிரையின் கால் ரோட்டில் இறங்கிய விபத்துகள் உண்டு.

வண்டிக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று என இரண்டு மாற்று டயர் வேண்டும். குதிரையை இறக்காமலே டயர் மாற்ற உதவும் சாய்வுக் கட்டையும் வேண்டும். நீ பணம் கட்டியிருக்கும் சாலை உதவிச் சேவை, குதிரை இருக்கும் டிரெய்லருக்கும் வருமா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்.

5. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் கிளம்பாதே

ஒரு வாரம் ஒன்றாக நடந்த குதிரைகள் ஒரே மந்தையாகிவிடும். கடைசிக் காலையில் ஒவ்வொன்றாக வண்டியேறும்போது மிச்சமிருப்பவை கனைக்கும், கயிற்றை இழுக்கும், சுற்றிச் சுற்றி வரும். வழக்கமாகச் சாதுவாக ஏறுகிற குதிரைகூட அன்று முரண்டு பிடிக்கும். விடியலிலேயே கிளம்பு, இல்லாவிட்டால் கூட்டம் கலையும்வரை காத்திரு. கோடையில் விடியல்தான் நல்லது. வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம் போய்விடலாம். நீ கிளம்பியதும் தனித்துப் போகும் பக்கத்துக் குதிரையின் சொந்தக்காரரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்று. முகாமில் எல்லோரும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய மரியாதை இது.

6. ஏற்றும்போது வரிசை மாறக் கூடாது

இரட்டை அறை டிரெய்லரில் ஒரே குதிரை என்றால் இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் நிறுத்து. இரண்டு என்றால் கனமானது இடப்பக்கம். அமெரிக்கச் சாலை நடுவில் உயர்ந்து வலப்பக்கம் சரிந்திருப்பதால் இந்த ஏற்பாடு. உள்ளே போனதும் முதலில் பின்கட்டையைப் பூட்டு, அதன் பிறகே தலைக்கயிற்றைக் கட்டு. இறக்கும்போது நேர்மாறாக, முதலில் கயிற்றை அவிழ், பிறகு பின்கட்டையைத் திற. தலை கட்டியிருக்க, பின்னால் திறந்திருந்தால் குதிரை பின்வாங்கித் தொங்கிவிடும். கயிற்றுக்கு ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சுத்தான் போட வேண்டும். முகக்கயிறு தோலில் இருக்கட்டும். நைலான் ஆபத்தில் அறுந்து விடாது.

7. தலையைத் தாழ்த்த விடு

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பாய் என்றால், இதை வை.

குதிரை இயற்கையில் பெரும்பாலான நேரம் தலையைக் குனிந்து மேயும். மூக்கிலும் தொண்டையிலும் சேரும் தூசியும் சளியும் கிருமியும் அப்போதுதான் வெளியே வடியும். டிரெய்லரில் தலையை உயரத் தூக்கிக் கட்டிவிட்டால், சில மணி நேரத்திலேயே மூச்சுக்குழாயில் கிருமி பெருகத் தொடங்கும். அது நுரையீரலுக்குள் இறங்கினால் 'ஷிப்பிங் ஃபீவர்' என்று இங்கே சொல்கிற பயணக் காய்ச்சல் வரும். நுரையீரலிலும் அதைச் சுற்றிய உறையிலும் சீழ் பிடிக்கும் கொடிய நோய் அது. பயணம் 12 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. பிழைத்தாலும் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படலாம்.

எனவே, குதிரை திரும்பாத அளவுக்கு மட்டும் கயிறு குட்டையாக இருக்கட்டும்; தலையை இறக்க இடம் வேண்டும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, 20 நிமிடம் தலை குனிய விடு. சளி ஒழுகட்டும், அது நல்லது. காற்றோட்ட ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும், ஆனால் குதிரை தலையை வெளியே நீட்டக் கூடாது. புல் வலையைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடு, தூசி பறக்காது. தரையில் மரச்சீவலைப் பரப்பு. காலில் தெறிக்கும் என்று வெறுந்தரையில் சிறுநீர் கழிக்காமல் அடக்கும் குதிரைகள் நிறைய உண்டு.

8. தண்ணீர், தீனி

500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். ஆனால் ஊர்த் தண்ணீரின் வாசனை மாறினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். முகாமில் அது பழகிய தண்ணீரையே கேன்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பு. அடம் பிடித்தால் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து கொடு. இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே சவாரிக்கு முன் ஏற்படுத்திவிடு. குடிக்காத குதிரைக்கு எலக்ட்ரோலைட் உப்புப்பசை கொடுக்காதே. உடம்பிலிருக்கும் நீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும்.

வழி முழுக்க உலர்புல் மட்டும் போதும். தானியம் வேண்டாம். தண்ணீர் குறைந்த குடலில் தானியம் சேர்ந்தால் வயிற்றுவலியில்தான் முடியும். கொஞ்சம் குதிரைமசாலை நனைத்துக் கொடுத்தால் அதன் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும்.

9. சாலையில்

ஐடஹோவிலிருந்து மொன்டானாவுக்கு லோலோ கணவாய் வழியாகப் போகும் அமெரிக்க நெடுஞ்சாலை 12, அடுத்த 99 மைல் வளைவுப் பாதை என்ற பலகைக்குப் பேர் போனது. நெஸ் பெர்ஸ் மக்கள் கடந்த லோலோ தடத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டியே போகிறது அந்தச் சாலை. நடுவில் பெட்ரோல் கிடைக்காத தூரம் 60 மைலுக்கு மேல். உன் ஆண்டு அந்தப் பக்கம் முடிந்தால், தொட்டியை நிரப்பிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் கட.

இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் மிதிக்காதே. முன்வண்டியோடு இரு மடங்கு இடைவெளி விடு. மொன்டானாவின் கிராமப்புற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் 80 மைல் வேகம் அனுமதி என்றாலும், டிரெய்லர் டயர்கள் பலவற்றின் தாங்கும் வேகம் 65 மைல்தான். அதற்குள் ஓட்டு. நீயும் ஒரு வாரம் சேணத்தில் உட்கார்ந்து களைத்தவள். மாற்றி ஓட்ட இன்னொரு ஆள் இல்லாமல் நீண்ட தூரம் கிளம்பவே கிளம்பாதே. எந்தக் காரணம் கொண்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்காதே.

10. இரவுத் தங்கல்

பயணம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் நடுவில் ஓர் இரவு தங்கு. பல கவுண்ட்டிகளின் கண்காட்சித் திடல்களில் குதிரைக் கொட்டில் வாடகைக்குக் கிடைக்கும். பயணக் குதிரைகளுக்கென்றே நடத்தும் பண்ணைகளும் உண்டு. சவாரிக்குக் கிளம்பும் முன்பே பதிவு செய். அங்கே உன் வாளி, உன் புல் வலைதான். பொதுத் தொட்டியில் குடிக்க விடாதே. பக்கத்துக் கொட்டில் குதிரையோடு மூக்கு உரச விடாதே.

11. வீட்டுக்கு வந்த பிறகு

இறக்கியதும் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்து. பிறகு தண்ணீர், உலர்புல். கொட்டிலில் அடைக்காமல் சின்ன மேய்ச்சல் வெளியில் விடு. நடமாட்டம்தான் குடலையும் தசையையும் சரிப்படுத்தும். தானியத்தை முதல் நாள் நிறுத்தி, பிறகு சில நாட்களில் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டு வா. உழைத்த குதிரைக்கு ஓய்வு நாளில் முழுத் தானியம் போட்டால் தசை இறுகிப் போகும்.

லத்தியை எண்ணு. நல்ல குதிரை நாளுக்கு 8 முதல் 12 முறை போடும். அது பாதியாகக் குறைந்தால் கவனி. நின்றே போனால் காத்திருக்காமல் மருத்துவரை அழை. மூன்று நாளாவது காலையும் மாலையும் காய்ச்சல் பார். 101.5-ஐத் தாண்டினாலும், இருமினாலும், தீனியை விட்டு ஒதுங்கி நின்றாலும், அது வெறும் களைப்பு என்று நீயே முடிவு கட்டாதே. பயணக் காய்ச்சலுக்கு முதல் நாளில் கொடுக்கும் மருந்துக்கு ஈடு இல்லை.

கால் நொண்டுவது இரண்டாம், மூன்றாம் நாளில்கூடத் தெரிய வரலாம். தினம் ஒருமுறை சமதரையில் நடக்க விட்டுப் பார். பிடரி, வால் அடி, தாடை இடுக்கு, தொடை இடுக்கில் உண்ணி தேடு. மறுபடி சேணம் வைக்கும் யோசனையே ஒரு வாரத்துக்கு வேண்டாம். லாடக்காரரை அந்த வாரத்திலேயே வரச் சொல்.

12. வீட்டுக் குதிரைகளோடு உடனே சேர்க்காதே

2011-ல் யூட்டா மாநிலம் ஆக்டனில் ஒரு பெரிய குதிரைப் போட்டி நடந்தது. நாலா பக்கத்திலிருந்தும் வந்த குதிரைகள் ஒரே இடத்தில் நின்றன. போட்டி முடிந்து அவரவர் வீட்டுக்குப் போனபோது குதிரை ஹெர்பிஸ் வைரஸ்-1 கூடவே போனது. 10 மாநிலங்களில் 90 குதிரைகளுக்கு நோய் உறுதியானது. 13 குதிரைகள் இறந்தன, அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. போட்டிக்கே போகாமல் வீட்டில் நின்ற குதிரைகளும் நோயில் விழுந்தன. நெடுஞ்சவாரி முகாமிலும் இதேபோல்தான் பல ஊர்க் குதிரைகள் ஒரே கயிற்று வரிசையில் நிற்கின்றன, ஒரே ஓடையில் குடிக்கின்றன.

இந்த வைரஸ் தொற்றிய குதிரைக்குப் பெரும்பாலும் 2 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல் காட்டும். சிலவற்றுக்கு நரம்பைத் தாக்கிப் பின்கால் தளரும். சினையாக இருக்கும் குதிரைக்குக் கரு கலையும். அதனால் வந்த குதிரையை இரண்டு வாரமாவது தனி வேலிக்குள் வை. மற்றக் குதிரைகள் கண்ணுக்குத் தெரியட்டும், மூக்குக்கு எட்டக் கூடாது. அதற்கென்று தனி வாளி, தனி தேய்ப்பான், தனி வாரியல். வீட்டுக் குதிரைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகு கடைசியாக இதனிடம் போ. வந்ததும் கையைக் கழுவு, பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கு. சவாரிக்கு இரண்டு குதிரையைக் கூட்டிப் போயிருந்தால் இரண்டையும் ஒன்றாகவே தனித்து வை. துணை இருந்தால் ஏங்காது. அந்த இரண்டு வாரமும் காலை, மாலை காய்ச்சல் பார்த்து எழுதி வைப்பது இன்னும் நல்லது.

13. காட்டின் களையை வீட்டுக்குக் கொண்டு வராதே

மொன்டானா, ஐடஹோ தேசியக் காடுகளில் களை விதை இல்லை என்று சான்று பெற்ற புல்லைத்தான் குதிரைக்குப் போட வேண்டும் என்பது சட்டம். காட்டுக்குக் காட்டும் அதே அக்கறையை உன் நிலத்துக்கும் காட்டு. கிளம்பும் முன் பிடரியையும் வாலையும் வாரிவிடு, குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய், சேணத்துணியை உதறு. வழியில் எங்கேயும் டிரெய்லரைக் கூட்டித் தள்ளாதே. வீட்டில் ஒரே இடத்தில் கூட்டிக் கொட்டி மக்க வை, அங்கே என்ன முளைக்கிறது என்று பார்த்துப் பிடுங்கு. டிரெய்லரின் உள்ளே சோப்புத் தண்ணீரால் கழுவி, கிருமிநாசினி அடித்து, வெயிலில் காய விடு.

1877 அக்டோபரில் பேர் பாவில் சரணடைந்தபோது, அந்த மக்களிடமிருந்த நூற்றுக்கணக்கான குதிரைகளும் அவர்கள் கையை விட்டுப் போயின. அந்தப் பாதையில் நடந்த உன் குதிரைக்கு உன் தோட்டமும் அதன் மந்தையும் காத்திருக்கின்றன. பத்திரமாகக் கூட்டி வருவது முழுக்க உன் கையில் இருக்கிறது.

சவாரிக்கு மூட்டை கட்டும்போதே தெர்மாமீட்டரையும் காகித உறையையும் தண்ணீர்க் கேனையும் எடுத்து வை, தங்கச்சி. ஒரு நாள் கூடுதல் விடுப்புக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று நடுவழியில் சந்தேகம் வந்தால், வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே வராதே. அருகிலிருக்கும் மருத்துவரிடம் வண்டியைத் திருப்பு.